அத்தை சுத்தம் செய்த அறுபத்தொரு படங்கள்

அத்தை எங்கள் வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. கீழே ஸ்டுடியோவில் அப்பா ஒருவரை ஸ்டூலில் உட்கார வைத்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு பெட்டியும் தோள்பையுமாக மாடிப்படி இறங்கி வந்து, எடிட்டிங் அறையின் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"கொஞ்சம் இரு," என்றார் அப்பா. தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து ஸ்டூலில் இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்பா கேமராவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"பெட்டியைத் திற."

"எதுக்குண்ணா?"

"ஹார்ட் டிஸ்க் ஏதாவது போகுதான்னு பாக்கணும்."

அத்தை திறந்தாள். அப்பா துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். உள்ளாடைகள் வைத்திருந்த சின்னத் துணிப்பையையும் மேஜைமேல் கவிழ்த்தார். ஸ்டூலில் இருந்தவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி, போ," என்ற அப்பா, அதே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பி, "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க சார்," என்றார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அத்தை துணிகளை அள்ளி மடிக்கும்போது நானும் கை கொடுக்கப் போனேன். "நீ விடு," என்றாள். இருபது வருடம் இருந்த வீட்டிலிருந்து அவள் வெளியேற நாலு நிமிடம் போதுமாக இருந்தது. அதில் மூன்று நிமிடம் சோதனைக்கு.

அத்தை அப்பாவுக்கு ஏழு வயது இளையவள். இருபத்து நாலு வயதில் கல்யாணமாகி, எட்டாவது மாதம் திரும்பி வந்தாள். "பொண்ணு வாயைத் திறந்து பேச மாட்டேங்குது," என்பதுதான் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன குறை. அப்பா அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் தமாஷாகச் சொல்வார்: "கேமராவுக்கே ஒரு வருஷம் வாரண்டி குடுக்கறான். என் தங்கச்சி எட்டு மாசத்துல ரிட்டர்ன்!" வந்தவர்கள் சிரிப்பார்கள். எடிட்டிங் அறைக்கும் கடைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. தும்மினால்கூட அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த அறை ஒரு காலத்தில் ஃபிலிம் கழுவும் இருட்டறையாக இருந்தது. ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் கறுப்பு. மழை பெய்தால் பழைய மருந்து வாடை தரையிலிருந்து கிளம்பும். அங்கே உட்கார்ந்து பருக்கள், தழும்புகள், லென்ஸில் ஒட்டிய தூசிகள் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அழிப்பது அத்தையின் வேலை. அதனால் அப்பா அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்தார். அம்மாவும் அப்படியே கூப்பிட்டாள். கூரியர்காரர்கூட "புள்ளி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். அவளுடைய சொந்தப் பெயர் வோட்டர் அட்டையில் மட்டும் இருந்தது.

பேச மாட்டாள் என்பது பொய். ஒருமுறை ஒரு பெண்மணி குடும்பப் படத்தை நீட்டி, "இவரை மட்டும் எடுத்துட முடியுமா?" என்று தன் கணவரைக் காட்டினார். "படத்துலேர்ந்து மட்டும்தானே?" என்று அத்தை கேட்டாள். அந்தப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தது தெருமுனை வரை கேட்டிருக்கும். பேச்சு வேண்டிய இடத்தில் அவளிடம் இருந்தது. எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

அப்பா புதுக் கேமரா வாங்கிய வருடம், பழையதைத் தூக்கி அத்தையிடம் போட்டார். அதன் உள்ளே ஒளியைப் பிடிக்கும் சென்சாரில் ஏழு இடங்கள் கெட்டுப்போயிருந்தன. எந்தப் படம் எடுத்தாலும் அதே ஏழு இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி விழும். "புள்ளிக்குப் புள்ளிக் கேமரா," என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கல்யாணங்களில் இரண்டாவது கேமராவாக அத்தை அதைப் பிடித்தாள். மற்ற நாட்களில், கடை திறப்பதற்கு முன், விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் பாளமாகத் தள்ளுகிறவர்கள், டிப்போவில் பஸ் கழுவும் பெண்கள், ஆஸ்பத்திரித் துணிகளைப் பிரிக்கிறவர்கள், வேலைக்குப் போகும் முன் குழாயடியில் முகம் கழுவும் காவல்காரர். பன்னிரண்டு வருடம் இவர்களைத்தான் எடுத்தாள்.

விடியலில் வெளிச்சம் போதாது. கேமராவின் உணர்திறனை ஏற்றி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் படம் முழுக்க மணல் தூவினது போல ஆகிவிடும். தொழிலில் அதற்கு நாய்ஸ் என்று பெயர். "மணலுக்குப் பின்னாடி ஆள் இருக்காங்கடி, ஒருநாள் வெளியே வருவாங்க," என்பாள். எல்லாவற்றையும் ரா ஃபைலாக, அதாவது கேமரா பார்த்ததைச் சமைக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தாள். வேறு கம்ப்யூட்டர் அவளுக்கு இல்லை.

நான் மூன்று வருடம் கண்ட ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஒன்றிலும் நிலைக்காமல் வீடு திரும்பத் தயாராக இருந்தேன். அப்போது அப்பாவிடமிருந்து டிக்கெட்டும், கூடவே அறுபத்தொரு ஃபைல்களும் வந்தன. வருடத்துக்கு ஒரு புகைப்படக்காரரின் படங்களைப் பெரிய புத்தகமாகப் போடும் அமைப்பு ஒன்று அவரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தது. மொத்தம் எண்பத்து நாலு படங்கள். எல்லாம் ஒருவரே எடுத்தவை என்று பார்க்க அவர்கள் ரா ஃபைலையே கேட்பார்கள்.

"எல்லாத்துலயும் கேமரா பேரு ஒண்ணா இருக்கணும். நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவளாச்சே," என்று எழுதியிருந்தார்.

அவை யார் எடுத்த படங்கள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். அவற்றில் பத்துக்கு மேல் அத்தை எனக்கே அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் எந்தக் கேமரா என்று ஒரு வரி இருக்கும். ஒரு விடுதியின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அறுபத்தொன்றிலும் அந்த வரியை அழித்து, அப்பாவின் புதுக் கேமராவின் பெயரைப் போட்டேன். இருபது நிமிட வேலை. அனுப்பிவிட்டு, பெட்டி கட்டப் போனேன்.

நான் வந்து இறங்கிய வாரம் புத்தகம் உறுதியாகிவிட்டது. பெரிய அளவில் அச்சாவதால் மணலை எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு புது நாய்ஸ் நீக்கும் சாஃப்ட்வேர் வாங்கி, எண்பத்து நாலையும் அத்தையிடம் கொடுத்தார்.

அவள் என்னைக் கறுப்பு அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். முகம் விளக்குப் போட்டது போல இருந்தது.

"என்னோடதைச் சேர்த்திருக்கார்டி! சொல்லவே இல்லை பாரு, கல்லுளிமங்கன்."

"எத்தனை அத்தை?"

"அறுபத்தொண்ணு. கேட்டேன், 'பேரெல்லாம் கடைசிப் பக்கத்துல வரும்'னார்." பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஒரு ஓவியப் பள்ளியிலிருந்து வந்தது. புகைப்பட ஆசிரியை வேலை, வளாகத்திலேயே தங்க ஓர் அறை. அதன் தலைமையாசிரியை ஒரு கல்யாணத்தில் அத்தை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயரோடு அச்சான படம் ஒன்றைக் காட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். நேர்காணல் இருபதாம் தேதி, திங்கட்கிழமை.

"ஒண்ணு போதுமாம். கீழே பேர் இருக்கணும், அவ்வளவுதான். அச்சுக்குப் போற பக்கத்தைக் காட்டினாலும் சரியாம். தனி அறைடி. ஜன்னல் இருக்கான்னுகூட கேட்டுட்டேன். ரெண்டு இருக்காம்."

நான் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்பாவின் இருபத்து மூன்று படங்களும் ஒரே மதியத்தில் பளிச்சென்று வந்துவிட்டன. அத்தையுடையவை வரவில்லை. மணல் போவதற்குப் பதில் முகங்களில் புழு ஊர்ந்தது போலக் கோடுகள் விழுந்தன. ஏழு புள்ளிகளும் உருகி, மெழுகுச் சொட்டு அளவுக்குப் பெருத்தன. ஐஸ் பாளம் பச்சையாகிவிட்டது.

காரணம் எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு விதமாக மணல் கொட்டும். சாஃப்ட்வேர் ஃபைலில் உள்ள பெயரைப் படித்து, அந்தக் கேமராவுக்கு உரிய வைத்தியத்தைச் செய்கிறது. நான் போட்டது வேறு கேமராவின் பெயர். அதனால் வேறு வைத்தியம்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "பா, நாம பேரை மாத்தினதாலதான் வர மாட்டேங்குது."

"நாம இல்ல, நீ," என்றார். "வாயை மூடிக்கிட்டு இரு. பாடுபட்டு அவளே வழி கண்டுபிடிப்பா. அவளுக்கு வேற என்ன வேலை?"

அப்படியே வாயை மூடிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அத்தை ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே போனாள். முதல் நாள் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாம் நாள் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாள். மூன்றாம் நாள், மொத்தமாகப் போடாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். டிஸ்க் பழசாகி ஃபைல் கெட்டிருக்குமோ என்று இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றினாள். ரா ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தாள், சாஃப்ட்வேர் அதைத் தொடவே மறுத்தது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரின் கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி அதிலும் ஓட்டினாள். அதே புழு, அதே மெழுகு.

ஆறாம் நாள், "ஏண்டி, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமே. அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேளேன்," என்றாள். எழுதினேன். அவள் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பழசு, மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் எழுதினேன். கம்ப்யூட்டரை மாற்றுங்கள் என்று பதில் வந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அப்பா தினமும் பலகைத் தடுப்பைத் தட்டுவார். "என்ன புள்ளி, ஆச்சா? இல்ல மிஷினும் உன்கிட்ட பேச மாட்டேங்குதா?"

சாப்பாட்டு நேரத்தில் அம்மா, "அவ எடுத்த லட்சணம் அப்படி. மிஷினைச் சொல்லி என்ன பண்றது?" என்பாள். அத்தை தட்டைப் பார்த்தபடி, "நான்தான் வெளிச்சம் பத்தாம எடுத்துட்டேன் போல, அண்ணி," என்றாள். பத்து நாளில் அவளுக்குத் தன் படங்கள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, அந்தந்த விடியலில் தான் என்ன தப்புச் செய்தேன் என்று எழுதியிருந்தாள்.

பதினோராம் நாள் காலை பழைய கேமராவைத் தேடி எடுத்து, உணர்திறனை ஏற்றி, அந்தக் கறுப்புச் சுவரையே ஒரு படம் எடுத்தாள். அதை சாஃப்ட்வேரில் போட்டாள். முதல் ஓட்டத்திலேயே மணல் போய், ஏழு புள்ளியும் போய், சுவரில் பழைய ஆணி அடித்த ஓட்டை வரைக்கும் தெரிந்தது.

"அதே கேமரா. அதே வெளிச்சம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுவர்ப் படத்தையும் ஐஸ் ஃபேக்டரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே இருக்கும் தகவல்களை விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதுல அண்ணா கேமரா பேர் இருக்கு."

நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"அந்தக் கேமராவை நான் தொட்டதே இல்லையேடி." இன்னும் கீழே போனாள். "ஃபைலை மாத்தின தேதி... நீ வர்றதுக்கு முந்தின வாரம். அண்ணாவுக்கு இதெல்லாம் தெரியாதே."

"நான்தான் அத்தை."

"அப்போ இந்தப் பதினோரு நாளும்?"

"தெரியும்."

"அந்தக் கம்பெனிக்கு எழுதினியே?"

"கம்ப்யூட்டர் பழசுன்னு மட்டும்தான் எழுதினேன்."

அத்தை சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "இங்கிலீஷ்லயா எழுதின? நல்லாத்தான் எழுதியிருப்ப," என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடி மாடிக்குப் போனாள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை உட்காரவில்லை.

"அண்ணா, அறுபது உங்க பேர்லயே இருக்கட்டும். ஒண்ணுக்கு மட்டும் என் பேர் போடுங்க. குழாயடிப் படம் போதும்."

"ஒண்ணு உன்னோடதுன்னா மத்ததும் யாரோடதுன்னு கேப்பான். அப்புறம் நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போகணுமா?"

"எடுத்தது நான்தானேண்ணா?"

"கேமரா யாரோடது? என்னோடது. கார்டு என்னோடது. கம்ப்யூட்டர், கரண்ட்டு, நீ திங்கற சோறு, எல்லாம் என்னோடது. உன் விரல் ஒண்ணுதான் உன்னோடது."

"அந்த விரலுக்கு ஒரு பேர் போடக் கூடாதா?"

அம்மா குழம்புக் கரண்டியைத் தட்டில் போட்டாள். "இருக்க இடம் குடுத்து இருபது வருஷம் வச்சிருந்தா, இப்போ பேரு வேற வேணுமாம். புருஷன் வீட்டுல கேட்டிருக்கணும் இதையெல்லாம்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டே முடித்தார். "பேரைப் பழையபடி மாத்திக்கோ, சுத்தம் பண்ணு, முடிச்சதும் மறுபடி என் கேமரா பேரைப் போட்டுடு. செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகணும்."

அத்தை மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கீழே வந்து, "நீ மாத்தினதை நீயே திருப்பு," என்று என்னிடம் நாற்காலியைக் காட்டினாள். திருப்பினேன். ஐஸ் ஃபேக்டரிப் படம் ஓடி முடிந்து மெல்லத் திறந்தது. பாளத்தைத் தள்ளுகிறவரின் புருவத்தில் பனித்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பன்னிரண்டு வருடம் கழித்து அவள் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கோபம் வரலையா, அத்தை?"

"படம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

நாலு நாளில் அறுபத்தொன்றையும் முடித்தாள். அவ்வளவு சுத்தமான வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். மறுபடி அவர் கேமராவின் பெயரைப் போட்டேன். இரண்டாவது முறை பதினைந்து நிமிடம்தான் ஆனது.

திங்கட்கிழமை அத்தை குழாயடிப் படத்தையும் இன்னும் மூன்றையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனாள். அச்சான பக்கம் இல்லை, படத்தைப் பார்த்தாவது நம்புவார்கள் என்று நினைத்தாள். அங்கே இருந்த மூவரில் ஒருவர் படங்களைப் புரட்டிவிட்டு, "இது மாஸ்டரோட புத்தகத்துல வரப்போற படமாச்சே," என்றார். அவர் புத்தகத் தேர்வில் இருந்தவர்; மாஸ்டர் என்றது அப்பாவை. அத்தை, தான்தான் எடுத்ததாகச் சொன்னாள். தலைமையாசிரியை சங்கடப்பட்டு, அப்பாவுக்கே போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்த அழைப்பை அப்பா எடுத்தபோது நான் கடையில் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை.

"என் படம்தாங்க. அவ என் தங்கச்சிதான். கல்யாணம் முறிஞ்சதுலேர்ந்து கொஞ்சம் மனசு சரியில்ல. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, பத்திரமா ஆட்டோ ஏத்தி அனுப்பி வச்சிடுங்க."

அவர்கள் ரொம்ப அன்பாக ஆட்டோ ஏற்றி அனுப்பி வைத்தார்கள். ஒரு டீச்சர் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டி வந்தாராம். அதை மட்டும்தான் அத்தை என்னிடம் சொன்னாள். மற்றதெல்லாம் தலைமையாசிரியை போனில் சொன்னதாக அப்பா சொன்னது. செவ்வாய்க்கிழமை படங்கள் அச்சுக்குப் போயின. மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

புத்தகம் நன்றாக வந்தது. விழாவில் அப்பாவுக்கு நீளமான மாலை போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தார், அட்டை வடிவமைத்தவர், டீ வாங்கிக் கொடுத்தவர் வரை நன்றி இருந்தது. விடியல் வெளிச்சத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "பொறுமைதான் சார்," என்றார் அப்பா. நானும் கைதட்டினேன். அடுத்த மாதம் நான் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதை ஒரு பிராயச்சித்தம் போலச் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அத்தை இருந்த ஊரை விசாரித்து ஒருமுறை போனேன். டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைப் படம் எடுக்கும் வேலை. வரிசையில் நின்று என் முறை வந்ததும், "அத்தை," என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க. நேரா பாருங்க." ஒரு சொடுக்கு. "ஆச்சு. அடுத்தவங்க வாங்க."

பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டி, நகரச் சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றேன். அவள் இடைவேளைக்கு வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள், டீக்கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது தன் புது நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் வைத்தாள். "யாராவது செத்தா சொல்லு," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று, துணி துவைக்கப் போட்டுவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அப்பாவிடமிருந்து இந்தச் செய்தி வந்தது:

"அத்தை நம்பர் உன்கிட்டதான் இருக்குன்னு அம்மா சொன்னா. ஒரு காலண்டர்க்காரன் நம்ம ஐஸ் ஃபேக்டரி படத்தைத் திருடி, கீழே வேற எவன் பேரையோ போட்டு அடிச்சுட்டான். என் வயித்தெரிச்சல் சொல்லி மாளாது. ஊரான் உழைப்பைத் திங்கறவன் நல்லாவே இருக்க மாட்டான். கேஸ் போட்டிருக்கேன். நான் எடுக்கும்போது கூட இருந்து பார்த்தேன்னு அத்தை ஒரு கையெழுத்து போட்டா போதும்னு வக்கீல் சொல்றார். பழசெல்லாம் நான் மனசுல வச்சுக்கலன்னு சொல்லு. கோர்ட் பேப்பர்ல சாட்சின்னு அவ முழுப் பேரும் அச்சுல வரும், அதையும் மறக்காம சொல்லு. பேர் வரணும்னு எவ்வளவு ஆசைப்பட்டா, பாவம்."